அனிச்சையைப் பார்த்து நடையைக் கணிக்கலாமா?

பாறசாலை ராஜம்: பச்சிளங்குழந்தையின் அனிச்சைச் செயல்கள் மறையும் காலத்தை வைத்தே பிற்கால இயக்க வளர்ச்சியைக் கணித்துவிடலாம் என்பது என் கருத்து. திடுக்கிட்டுக் கைகளை விரித்துக் கூட்டும் மோரோ அனிச்சை ஆறு மாதத்துக்குள் அடங்க வேண்டும். தலை திரும்பிய பக்கத்துக் கை நீண்டு, மறுபக்கத்துக் கை மடங்கும் கழுத்து அனிச்சை அதற்கு மேலும் நீடித்தால், புரள்வதற்கே குழந்தை திணறும். இதைவிடத் தெளிவான அடையாளம் வேறென்ன வேண்டும்?

களியக்காவிளை செல்வன்: அக்கா, நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மறைவதெல்லாம் மூளை முதிர்ச்சி என்று கொள்வதில்தான் சிக்கல். அக்குளில் கைகொடுத்துப் பாதத்தைத் தரையில் படவைத்தால் கால் மாற்றி வைக்கும் குழந்தை, இரண்டு மாதத்தில் அதை நிறுத்திவிடும். மூளை அதை அடக்கிவிட்டது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். குழந்தைகளின் இயக்க வளர்ச்சியை ஆராய்ந்த எஸ்தர் தெலன் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்விலோ, கால்களை நீரில் அமிழ்த்தியபோது அடிகள் கூடின, சிறு எடையைக் கட்டியபோது குறைந்தன. கால் கொழுத்துக் கனத்த வேகத்துக்குத் தசை வலு ஈடுகொடுக்கவில்லை. இதை அறியாமல், கால் வைக்காத பேரனை நினைத்துக் கலங்கும் பாட்டிமார் நம் பக்கத்தில் எத்தனை பேர்!

ராஜம்: அப்படியானால், நாள்தோறும் அடியெடுக்கப் பழக்கிய குழந்தைகள் முன்னதாகவே நடந்தன என்று செலாசோ என்ற ஆய்வாளரின் குழுவினர் 1972இல் காட்டியது எதற்கு? தொடர்பில்லாமலா அது நேர்ந்தது?

செல்வன்: தொடர்பு உண்டு. ஆனால் பழக்கினால் முந்தும் ஒன்றை எப்படி முன்னறிவிப்பாகக் கொள்வது? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நலமான குழந்தைகள் தனியே நடக்கத் தொடங்கும் வயதே 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. மூளைப் பாதிப்பால் உடலியக்கம் குன்றும் பெருமூளை வாதத்தை முன்கூட்டி அறிய, மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் கழுத்திலும் கைகால்களிலும் தானாக நிகழும் சிறு நெளிவசைவுகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் பிரெக்டல் முறைதான் தனித்தனி அனிச்சைகளைவிட நம்பகமானது.

ராஜம்: அந்த அசைவுகளைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர் எங்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இல்லை, தம்பி. அனிச்சையைச் சோதிக்கக் கை போதும்.

செல்வன்: கையோடு ஒரு பென்சிலும் இருந்தால் போதும், அக்கா. திருவனந்தபுரத்தில் உருவான வளர்ச்சிச் சோதனை அட்டையில் குழந்தை செய்ய வேண்டிய 17 செயல்கள் வயது வாரியாக உள்ளன. அட்டையில் குழந்தையின் வயதுக்கு நேராகப் பென்சிலை நெட்டுக்கு வைத்து, அதற்கு இடப்புறத்தில் உள்ள எதையேனும் குழந்தை செய்யாவிட்டால் மேல்சோதனைக்கு அனுப்பலாம். அதில் கேட்பது சிரிப்பு, தலை நிற்றல், புரளல், நடை போன்றவை, மோரோவைக் கேட்பதில்லை.