ஜீப்பில் பொருத்திய ஆன்டெனா: மீட்டர் நன்றாகக் காட்டியும் குரல் எட்டவில்லை

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். உரிமம் பெற்ற ஹாம் (பொழுதுபோக்கு வானொலியாளர்) நான். 145 மெகா ஹெர்ட்ஸில் பேசுகிறேன். என் ஜீப்புக்குக் கித்தான் கூரை என்பதால், பின் மூலையில் தகட்டுப் பிடிப்பான் வைத்து ஒரு கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள) ஆன்டெனாவும், பானெட்டின் மீது காந்த அடி கொண்ட மற்றொன்றும் பொருத்தியிருக்கிறேன். பின்புற ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.2, பானெட்டில் இருப்பதன் அளவு 1.8. ஆனால் குன்னூர் நண்பருக்கு 1.8 உள்ளதில்தான் என் குரல் தெளிவாகக் கேட்கிறது. எதை நம்புவது?

மறுமொழி 1 (குன்னூர்)

நண்பரே, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் திரும்பி வரும் ஆற்றலை மட்டுமே சொல்லும். போன ஆற்றல் காற்றில் கலந்ததா, வழியிலேயே சூடாகிப் போனதா என்பது அதற்குத் தெரியாது. 50 ஓம் டம்மி லோட் (ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கும் சோதனை மின்தடை) 1:1 காட்டும், ஆனால் அதைக் கொண்டு அடுத்த தெருவுக்குக்கூடப் பேச முடியாது. 1.8 என்பதில் திரும்புவது 8 விழுக்காடுதான், அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

எனக்குச் சந்தேகம் பின்புறக் கேபிளின் மீதே. ஆன்டெனாக் கம்பியைக் கழற்றிவிட்டு, மிகக் குறைந்த ஆற்றலில் ஒரு நொடி மட்டும் அழுத்திப் பாருங்கள். நல்ல கேபிளானால் போன ஆற்றல் முழுவதும் திரும்பி, மீட்டர் முள் கடைசி வரை ஓட வேண்டும். நடுவிலேயே நின்றால், போகும்போதும் திரும்பும்போதும் கேபிளே ஆற்றலை விழுங்குகிறது என்று பொருள்.

மறுமொழி 2 (கொடைக்கானல்)

மேலே சொன்னது சரி. ஒப்பிடும் முறையையும் கவனியுங்கள். மலையில் பாறைச் சரிவுகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால், 145 மெகா ஹெர்ட்ஸில் வண்டியை அரை மீட்டர் நகர்த்தினாலே அளவு ஏறி இறங்கும். ஆகவே திறந்த திடலில், தகரக் கொட்டகையும் லாரியும் அருகில் இல்லாத இடத்தில், அடி அடியாக நகர்த்தி ஐந்தாறு அளவுகள் எடுத்துச் சராசரி பாருங்கள். மூலையில் நிற்கும் ஆன்டெனா, வண்டியின் உடல் நீளும் பக்கமாகவே வலுவாக வீசும் என்பதால், வண்டியை நான்கு திசைக்கும் திருப்பிப் பார்ப்பதும் அவசியம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கம்பியைக் கழற்றிய பிறகும் முள் 2-க்கு மேல் போகவில்லை. கேபிளின் மேலுறையைக் கத்தியால் கீறினேன். செப்புப் பின்னல் அடியிலிருந்து ஒரு முழம் வரை பச்சை பூத்து, விரலில் ஈரம் ஒட்டியது. மூடுபனியும் மழையும் இணைப்பு வழியாக இறங்கிப் பின்னலில் ஊறியிருக்கின்றன. புதுக் கேபிள் போட்டுக் கம்பியை மாட்டியதும் அளவு 2 ஆனது; அதுதான் ஆன்டெனாவின் உண்மையான நிலை, திரும்பும் ஆற்றலைப் பழைய கேபிள் விழுங்கியதால்தான் முன்பு 1.2 காட்டியது. 146-ஐவிட 144-இல் குறைவாக இருந்ததால் கம்பியின் நீளம் அதிகம் என்று தெரிந்து, மூன்று மூன்று மில்லிமீட்டராக ஐந்து முறை நறுக்கி 1.3-க்குக் கொண்டு வந்தேன். இணைப்பில் ரப்பர் டேப் சுற்றி, நீர் சொட்டி விழும்படி கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டிருக்கிறேன். நேற்று மாலை குன்னூர் நண்பர், பின்புற ஆன்டெனாவே இப்போது ஒரு படி மேல் என்றார்.