எரிவாயுக் குழாய்க்கு அரசுக் காசு: வடக்கே 40 சதவீதம், இங்கே?

கணக்குப்பிள்ளை:
நேத்து ராத்திரி 'நேர்வழி' இங்கே எழுதிட்டுப் போனதைப் படிச்சதுலேர்ந்து தூக்கம் போச்சு. "எரிவாயுக் குழாய் போடுறது கம்பெனி பாடு. அதுக்கு வரிப்பணம் எதுக்கு? தமிழ்நாட்டுக்காரன்தான் எல்லாத்துக்கும் டெல்லியைப் பார்த்துக் கையேந்துவான்"னு எழுதியிருக்கார். ஐயா, வடக்கே ஜகதீஷ்பூர்–ஹல்தியா–பொக்காரோ–தாம்ரா குழாய்னு ஒண்ணு இருக்கு. கெயில்ங்கற எரிவாயுக் கம்பெனி போட்டது. மதிப்பீடு 12,940 கோடி. 2016 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை அதுக்கு 5,176 கோடி மானியம் கொடுத்துச்சு. வகுத்துப் பாருங்க, 40 சதவீதம். அங்கே கம்பெனி பாடு இல்லையா?

நேர்வழி:
வந்துட்டாரு கால்குலேட்டரோட. அது மானியம் இல்லை சார், வயபிலிட்டி கேப் ஃபண்டிங், அதாவது கட்டுப்படியாகாத திட்டத்துல விழற இடைவெளியை அடைக்கக் கொடுக்கற காசு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம எழுதக் கூடாது.

கணக்குப்பிள்ளை:
திருப்பிக் கொடுக்க வேணாம்தானே? அப்போ மானியம். கவர் மேல 'மொய்'னு எழுதினாலும் 'அன்பளிப்பு'ன்னு எழுதினாலும் உள்ளே இருக்கறது காசுதான். 5,176-ஐ 12,940-ஆல வகுங்க. நான் வேற எதுவும் கேக்கலை.

சும்மா ஒரு வாசகன்:
அண்ணே, ஒரு சின்ன திருத்தம். மொய் திருப்பிச் செய்யணும். அது கடன். நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறோமே எதுக்கு?

நேர்வழி:
ஹாஹா. உதாரணமே சொதப்பல். இவர்தான் கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளை:
உதாரணத்தைப் பிடிச்சுத் தொங்குறவங்களுக்கு விஷயம் கையில இல்லைன்னு அர்த்தம். போன மாசம் மெட்ரோ திரியிலயும் இதே மாதிரிதான் செஞ்சீங்க, மறக்கலை. சரி, வடகிழக்குக்கு வர்றேன். அங்கே 1,656 கிலோமீட்டர் குழாய், மதிப்பீடு 9,265 கோடி. 2020 ஜனவரியில 5,559 கோடி ஒதுக்கினாங்க. அது 60 சதவீதம்! மலை, மழை, சரி, கொடுக்கட்டும், எனக்குப் பொறாமை இல்லை. எண்ணூருக்கு வாங்க. 2019 மார்ச்ல இந்தியன் ஆயிலோட எல்என்ஜி (குளிர வெச்சுத் திரவமாக்கின எரிவாயு) முனையம் திறந்தாச்சு, வருஷத்துக்கு 50 லட்சம் டன் இறக்கலாம். இறக்கினதைக் குடத்துல மொண்டா கொண்டுபோறது? எண்ணூர்லேர்ந்து தூத்துக்குடி வரைக்கும் 1,400 கிலோமீட்டருக்கு மேல குழாய், கம்பெனி தன் கைக்காசைப் போட்டு இழுக்குது. அதுக்கு அந்த 40 எங்கே?

பழைய பைப்லைன்காரன்:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. நான் இந்த வேலையிலதான் தலை நரைச்சேன். குழாய் போட்ட காசு கட்டணத்துலதான் திரும்பி வரும். வரி போக 12 சதவீதம் வருவாய் கிடைக்கிற மாதிரிதான் ஒழுங்குமுறை வாரியம் கட்டணத்தை நிர்ணயிக்குது. ஆனா உள்ளே கேஸ் ஓடினாத்தானே கட்டணம்? ஜகதீஷ்பூர் தாண்டிக் கிழக்கே அன்னிக்கு வாங்க ஆள் இல்லை. கோரக்பூர், பரௌனி, சிந்திரி மூணு உர ஆலையும் பூட்டிக் கிடந்துச்சு. அதைத் திறக்கணும்னுதான் அந்தக் காசு. இங்கே மணலியில சுத்திகரிப்பு ஆலை இருக்கு, ஓசூர்ல தொழிற்சாலை இருக்கு. வாங்க ஆள் இருக்கற இடத்துல எந்த இடைவெளியை அடைக்கிறது?

நேர்வழி:
நன்றி ஐயா. விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தராவது இருக்காரே.

கணக்குப்பிள்ளை:
உர ஆலைன்னு சொன்னீங்களே, அங்கேதான் மாட்டுனீங்க. தூத்துக்குடியிலயும் உர ஆலை இருக்கு ஐயா. அவங்க இத்தனை வருஷமா கச்சா எண்ணெய்லேர்ந்து வர்ற நாப்தாவுல ஓட்டினாங்க, விலை எகிறும்போதெல்லாம் அல்லாடினாங்க. 2021 பிப்ரவரியிலதான் ராமநாதபுரம்–தூத்துக்குடி துண்டு, 143 கிலோமீட்டர், திறந்தாங்க. பூட்டிப் போட்டா மானியம், கஷ்டப்பட்டு ஓட்டினா பட்டை நாமம். நல்ல நீதி!

நேர்வழி:
நீங்கதான் வந்த குழாயைத் தடுத்தவங்க. கொச்சிலேர்ந்து பெங்களூருக்குக் கெயில் குழாய் வந்தப்போ கோவைலேர்ந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஏழு மாவட்டத்துலயும் மறியல். 2013-ல மாநில அரசே "விளைநிலத்துல வேணாம், நெடுஞ்சாலை ஓரமாப் போ"ன்னு சொல்லிச்சு. உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரி 2-ல கெயில் பக்கம் தீர்ப்பு சொல்லியும் வேலை பல வருஷம் இழுத்துச்சு. கேரளாக்காரன் சண்டை போட்டாலும் முடிச்சுட்டான். 2021 ஜனவரியில கொச்சி–மங்களூரு 450 கிலோமீட்டர் திறந்தாச்சு. தடுக்கறதும் நீங்க, காசு கேக்கறதும் நீங்க.

தென்னந்தோப்பு:
நேர்வழி அவர்களே, மறியல்னு சுலபமா எழுதிட்டீங்க. தென்னைக்கு 25 அடி இடைவெளி. குழாய்க்கு 20 மீட்டர் பட்டை. தோப்புல ஒரு கயிறைப் பிடிச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட மூணு வரிசை போகும். நிலம் நம்ம பேர்லயே இருக்கும், ஆனா அந்தப் பட்டையில கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. 1962 குழாய்ச் சட்டப்படி அதுக்கு நஷ்ட ஈடு சந்தை மதிப்புல 10 சதவீதம், வெட்டின மரத்துக்குத் தனி. உங்க 40-ம் வேணாம், 60-ம் வேணாம். அந்தப் 10-ஐப் பத்தி யாராவது பேசுங்க.

கணக்குப்பிள்ளை:
தோப்பு அண்ணா, உங்க வலி நியாயம்தான். ஆனா அதைக் கொண்டுவந்து இங்கே கலந்தா இவர் தப்பிச்சிடுவார். முதல்ல 40-க்குப் பதில் வரட்டும்.

தென்னந்தோப்பு:
கலந்தேனா? குழாய் ஆகாசத்துலயா போகுது?

சும்மா ஒரு வாசகன்:
பயம் வேற இருக்குல்ல? 2014 ஜூன்ல நகரத்துல வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க.

நேர்வழி:
எந்த நகரத்துல? ஊர் பேரைச் சொல்லாம வதந்தி பரப்பாதீங்க.

சும்மா ஒரு வாசகன்:
ஊர் பேரே நகரம்தான் சார். ஆந்திரா, அப்போ கிழக்கு கோதாவரி மாவட்டம். அது கிராமம்.

நேர்வழி:
கிராமத்துக்குப் பேரு நகரமா? சரி சரி. ஆனா அது பழைய குழாய்.

தென்னந்தோப்பு:
புதுக் குழாய் பழசாகாதா?

பழைய பைப்லைன்காரன்:
பராமரிப்பு ஒழுங்கா இருந்தா முப்பது நாப்பது வருஷம் தாங்கும். உள்ளே அரிப்பைக் கண்டுபிடிக்க ஒரு கருவியை விட்டு எடுப்போம், பிக்னு சொல்லுவோம். அது போகும்போது பன்னி மாதிரி ஒரு சத்தம் வரும், அதனாலதான் அந்தப் பேருன்னு எங்க சூப்பர்வைசர் சொல்வார்…

கணக்குப்பிள்ளை:
பன்னிக் கதையெல்லாம் அப்புறம். நேர்வழி சார் இன்னும் வகுக்கலை.

நேர்வழி:
ஒண்ணு கேக்கறேன். கெயிலும் இந்தியன் ஆயிலும் யாருது? பாதிக்கு மேல பங்கு மத்திய அரசுகிட்டதான். அப்போ எண்ணூர் குழாயும் அரசுக் காசுதானே? உங்களுக்கு ஏற்கெனவே கிடைச்சாச்சு. சும்மா அழாதீங்க.

கணக்குப்பிள்ளை:
அடேங்கப்பா. நேத்து வரைக்கும் 'கம்பெனி பாடு', இன்னிக்கு அதே கம்பெனி அரசாங்கம் ஆயிடுச்சு. ராத்திரியோட ராத்திரியா தேசியமயமாக்கிட்டீங்களா? கம்பெனி போடுற காசு கட்டணமா நம்ம தலையிலதான் வந்து விடியும். மானியம் அப்படி வராது. அதுதான் வித்தியாசம். 5,176. 12,940.

நேர்வழி:
மானியம் இல்லை. வயபிலிட்டி கேப் ஃபண்டிங்.

கணக்குப்பிள்ளை:
மானியம்.

சும்மா ஒரு வாசகன்:
நான் வகுத்துட்டேன் அண்ணே, 40 சரியாத்தான் வருது. ஆனா மொய் விஷயத்துல நீங்க சொன்னது தப்புன்னு இன்னும் ஒத்துக்கலை.

தென்னந்தோப்பு:
10 சதவீதம்னு ஒண்ணு எழுதினேன். யாரும் படிச்ச மாதிரி தெரியலை.

கணக்குப்பிள்ளை:
படிச்சேன் அண்ணா, அதுக்குத் தனித் திரி போடுங்க, வந்து பேசறேன். வாசகன் தம்பி, மொய் எழுதாம அன்பளிப்புக் கொடுக்கறவங்களும் ஊர்ல இருக்காங்க, நாலு கல்யாணத்துக்குப் போனாத் தெரியும். நேர்வழி சார், நான் காத்துக்கிட்டே இருக்கேன்.