வைக்கோல் எத்தனால்: பெனடிக்ட் சோதனை சிவக்கிறது, ஈஸ்ட் மட்டும் நுரைக்கவில்லை

கேள்வி

கல்லூரி ஆய்வகத்தில் 100 கிராம் காய்ந்த நெல் வைக்கோலை அரைத்து, 1 லிட்டர் 1% கந்தக அமிலத்தில் போட்டு, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலம்) 121 டிகிரியில் 60 நிமிடம் வைத்தோம். வடிகட்டிச் சக்கையைக் கொட்டிவிட்டு, சாற்றை பிஹெச் 5-க்குக் கொண்டுவந்தோம். சர்க்கரை இருக்கிறதா என்று காட்டும் பெனடிக்ட் சோதனையில் செங்கல் சிவப்பு. ஆனால் பேக்கரி ஈஸ்ட் போட்டு 2 நாளாகியும் குமிழி இல்லை. அதே ஈஸ்ட் சர்க்கரைத் தண்ணீரில் பொங்குகிறது. என்ன தவறு? எவ்வளவு எத்தனால் கிடைக்க வேண்டும்?

பதில் 1

கொட்டிய சக்கையோடுதான் உங்கள் எத்தனாலும் போனது. அந்தச் சூட்டில் 1% அமிலம் ஹெமிசெல்லுலோஸைத்தான் (நாரில் செல்லுலோஸோடு கலந்திருக்கும் இன்னொரு சர்க்கரைச் சங்கிலி) கரைக்கும். குளுக்கோஸ் தரும் செல்லுலோஸ் பெரும்பாலும் நாரிலேயே நிற்கும். சாற்றில் இருப்பது முக்கியமாக சைலோஸ் என்ற வேறொரு சர்க்கரை. அதற்கும் பெனடிக்ட் சிவக்கும், ஆனால் பேக்கரி ஈஸ்ட் அதைத் தொடாது. மருந்துக்கடையில் விற்கும் சிறுநீர்ச் சர்க்கரை ஸ்ட்ரிப்பை நனைத்துப் பாருங்கள். அது குளுக்கோஸுக்கு மட்டுமே நிறம் மாறும்.

பதில் 2

சாற்றை முகர்ந்தால் பாதாம் வாசனை அடிக்கிறதா? அது ஃபர்ஃபுரால். சைலோஸ் சூட்டில் சிதைந்து வருவது, ஈஸ்டை முடக்கிவிடும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து கழன்று வரும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்து ஈஸ்டைத் தாக்கும்.

முதல் முயற்சிக்கு அமிலத்தைவிடக் காரமே நல்லது; இந்த முறையில் சாற்றை விட்டுவிட்டு நாரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 1 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 100 கிராம் வைக்கோல், 121 டிகிரி, 60 நிமிடம். கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் கிளம்பும், ஆபத்து. பிறகு துணியில் கட்டிப் பிழிந்து, கறுப்புத் தண்ணீர் தெளிந்து பிஹெச் 7 வரும்வரை அலசுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். காரத்தில் கரைந்த அதுவும் லிக்னினும் (நாரைப் பிணைக்கும் பசைப்பொருள்), மிச்சமிருந்தால், பின்னால் அமிலம் சேர்த்ததும் கூழாகத் திரிந்து நாரில் அப்பிக்கொள்ளும். அடுத்து சேர்க்கும் என்சைம் உள்ளே போகாது.

அலசிய நாரை சிட்ரேட் பஃபரில் (பிஹெச்சை 4.8-ல் நிலையாக வைக்கும் கரைசல்) 10 சதவீதத் திடப்பொருளாகக் கலந்து, ஒரு கிராம் செல்லுலோஸுக்கு 15 எஃப்பியு (என்சைமின் வீரியத்தை அளக்கும் அலகு) செல்லுலேஸ், அதாவது செல்லுலோஸைக் குளுக்கோஸாக உடைக்கும் என்சைம், சேர்த்து, 50 டிகிரியில் 72 மணி நேரம் குலுக்குங்கள். ஆரம்பத்தில் ஊறிய அவல் மாதிரி கெட்டியாக இருக்கும். சில மணி நேரத்தில் இளகி ஓடினால் என்சைம் வேலை செய்கிறது என்று அர்த்தம். 32 டிகிரிக்கு ஆறிய பிறகே ஈஸ்ட்.

பதில் 3

கணக்கு: 100 கிராமில் செல்லுலோஸ் சுமார் 36 கிராம். 1.11-ஆல் பெருக்கினால் குளுக்கோஸ் 40 கிராம். அதில் 0.51 பங்கு, அதாவது 20 கிராம் எத்தனால், சுமார் 26 மில்லி. இது உச்சவரம்பு. கையில் 15 மில்லி வந்தாலே நல்ல வேலை. 2022-ல் தொடங்கிய, ஹரியானாவின் பானிபட் வைக்கோல் எத்தனால் ஆலையின் இலக்கே ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர், டன்னுக்கு 150 லிட்டர்தான்.

காய்ச்சி வடித்துப் பார்க்காதீர்கள். அனுமதியில்லாமல் அது குற்றம். ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடி) போட்ட நொதிக்கும் குடுவையைத் தினமும் எடை போடுங்கள். குறைந்த எடை வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு, அதை 1.045-ஆல் பெருக்கினால் எத்தனால் கிராமில் வந்துவிடும்.