ஜெர்க்பெய்ட்டுக்குத் தமிழ்: ‘சுண்டிரை’ என்னும் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வெடுக்கென்று இழுத்து இழுத்து ஓட்டும் செயற்கைத் தூண்டில் இரையான ‘ஜெர்க்பெய்ட்’ (jerkbait) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுமத்தில் இதுவரை ‘வெட்டிழுப்பு இரை’, ‘துள்ளிரை’, ‘உதறிரை’ என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. நான்காவதாகச் ‘சுண்டிரை’ என்பதை முன்வைக்கிறேன். கனடாவின் ஒன்டாரியோ ஏரிகளில், மஸ்கி என்னும் பெரிய நன்னீர் வேட்டை மீனுக்காக இந்தப் பொய்யிரைகளைப் பல பருவங்களாக வீசிவருபவன் என்பதால், சொல்லுக்குப் போகுமுன் பொருளை விளக்கிவிடுகிறேன்.

மஸ்கிக்கான ஜெர்க்பெய்ட் பெரும்பாலும் 15 முதல் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள, மரத்தாலோ நெகிழியாலோ ஆன கட்டை. சுழலும் தகடோ, நீரைத் தள்ளி உடலை ஆட்டும் உதடோ அதற்குக் கிடையாது. மற்றப் பொய்யிரைகள் பலவற்றை வீசிவிட்டு, நூல் சுருட்டும் ரீலைச் சுற்றிக்கொண்டே வந்தால் போதும், தாமாகவே ஆடும். இதையோ சும்மா சுற்றினால் நீரில் இழுபடும் விறகுத் துண்டு போலத்தான் வரும். இதற்கு உயிர் கொடுப்பது பிடிப்பவரின் கைதான். தூண்டில் கம்பின் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி, ஓரடி அல்லது இரண்டடி தூரம் வெடுக்கென்று இழுத்து, இழுத்த கையோடு கம்பை முன்னே கொண்டுபோய் நூலைத் தொய்யவிட்டு, அந்தத் தொய்வை மட்டும் ரீலில் சுருட்டிக்கொள்ள வேண்டும். நூல் தொய்ந்த அந்த இடைவெளியில்தான் கட்டை பக்கவாட்டில் சறுக்குகிறது அல்லது மெல்ல மேலெழுகிறது. அடிபட்ட மீன் ஒன்று தடுமாறுவது போல அப்போது தோன்றுகிறது. மஸ்கி கவ்வுவதும் பெரும்பாலும் அந்தத் தயக்கத்தின்போதுதான். ஆகவே இழுப்பு, விடுப்பு இரண்டும் சேர்ந்ததே இந்தப் பொருளின் இயல்பு. கலைச்சொல் இழுப்பை மட்டும் சொல்லி விடுப்பை விட்டுவிட்டால், புதிதாகக் கற்பவர் சொல்லை நம்பி இழுத்துக்கொண்டே இருப்பார், மீன் வராது.

‘வெட்டிழுப்பு’ அகராதிப்படி சரியானதே. ஆனால் கைகால் வெட்டி இழுப்பது என்றால் நம் வீடுகளில் வலிப்பு நோய்தான் நினைவுக்கு வரும். தவிர அச்சொல்லில் விடுப்பு இல்லை. ‘துள்ளிரை’ அழகான சொல், ஆனால் துள்ளுதல் நீர்ப்பரப்புக்கு மேலே நிகழ்வது. நீருக்குள் முங்கியும் சறுக்கியும் வரும் ஒன்றுக்குப் பொருந்தாது. மேற்பரப்பில் நீரைச் சிதறடித்து வரும் பொய்யிரைகளுக்கென்று அதை எடுத்துவைத்துக்கொள்ளலாம். ‘உதறு’ என்பது ஒட்டியதை நீக்கும் அசைவு. துண்டை உதறுகிறோம், கையை உதறுகிறோம். இங்கே எதையும் நீக்கவில்லை.

இனிச் ‘சுண்டு’. கேரம் பலகையில் காயைச் சுண்டுகிறோம். விரல் பட்டது ஒரு கணம், அதன்பின் காய் தன் போக்கில் வழுக்கிச் செல்கிறது. நாணயத்தைச் சுண்டினாலும் அப்படியே. காற்றாடி விடும் பிள்ளைகள் நூலைச் சுண்டிச் சுண்டி விடுகிறார்கள். ஒவ்வொரு சுண்டலுக்கும் பின் நூல் தளர, காற்றாடி பக்கம் சாய்ந்து எழுகிறது. குறுகிய விசை, உடனே விடுதல், பொருள் தானாக நகர்தல் ஆகிய மூன்றும் இந்த ஒரு வினைக்குள்ளேயே இருக்கின்றன. இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. சுண்டு, இரை என்பன சேர்ந்து சுண்டிரை என வினைத்தொகையாக அமைவதால், ‘ஊறுகாய்’ என்னும் சொல்லைப் போல இதிலும் கட்டுக்கோப்பு இருக்கிறது. சுண்டக் காய்ச்சுதலோடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பால் சுண்டுவதும் விரல் சுண்டுவதும் அன்றாடப் பேச்சில் அருகருகே வழங்கியும் யாரும் குழம்பியதில்லை. தூண்டிலைப் பற்றிய பேச்சில் அந்த ஐயம் எழாது.

‘இரை’ வேண்டுமா, உண்ணக்கூடியது அன்றே என்னும் ஐயத்துக்கும் விடை உண்டு. சூது பற்றிய திருக்குறளில் வரும் ‘தூண்டிற்பொன்’ இரையால் மறைக்கப்பட்ட இரும்பு முள்தான். மீனின் கண்ணுக்கு எது இரையாகத் தோன்றுகிறதோ அதையே இரை என்று அழைப்பது நமக்குப் பழகியதே. உண்மை இரையிலிருந்து பிரித்துக் காட்ட, எல்லா வகைக்கும் பொதுவாகப் ‘பொய்யிரை’ இருக்கட்டும். சுண்டிரை அதன் ஒரு வகை.

வகைகளுக்கும் இப்போதே பெயரிட்டுவிடுவது நல்லது, ஏனெனில் எந்த இடத்தில் எதை வீசுவது என்பது வகையைப் பொறுத்தே இருக்கிறது. ஒன்று, சுண்டினால் தலைகுப்புற இறங்கி, விட்டால் மிதந்து எழுவது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து அன்டிகோ ஊரைச் சேர்ந்த ஃபிராங்க் சூயிக் செய்த மரக்கட்டை இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் வாலில் ஓர் உலோகத் தகடு இருக்கும். அதைக் கையால் சற்றுக் கீழே வளைத்தால் கட்டை ஆழமாக இறங்கும், நிமிர்த்தினால் மேலாக ஓடும். நீர்ப்பாசியும் கொடியும் அடர்ந்த இடத்தில் இதையே எடுப்பேன். பாசியில் முட்டியதும் விட்டுவிட்டால் தானாக மேலெழுந்து விலகிவிடும். இதை ‘முங்கு சுண்டிரை’ எனலாம். மற்றொன்று இடமும் வலமுமாக அகலச் சறுக்குவது. இது ‘சறுக்கு சுண்டிரை’. பாசியின் வெளி விளிம்பிலும் பாறைத் திட்டுகளின் மேலும் இது நன்கு வேலை செய்யும். இதற்கு வன்மையாக இழுக்கக் கூடாது. மணிக்கட்டால் சிறிதாகச் சுண்டினாலே போதும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்தின் கடைசியிலும் நீர் குளிர்ந்திருக்கும்போது, எந்த வகையானாலும் இரண்டு சுண்டல்களுக்கு இடைப்பட்ட நேரத்தை நீட்ட வேண்டும். மிதப்பு மிகுந்த கட்டையில் துளையிட்டு ஈயம் இறக்கி, மெல்ல எழும்படி செய்துகொள்வோரும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. பாஸ் என்னும் மற்றொரு நன்னீர் மீனைப் பிடிப்பவர்கள் ஜெர்க்பெய்ட் என்று சொல்வது பெரும்பாலும் நெகிழி உதடு பொருத்திய ஒல்லியான மீன் உருவத்தை. அதையும் சுண்டித்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் ‘உதட்டுச் சுண்டிரை’ என்று அடைமொழியோடு தனித்துப் பதியலாம்.

துணைச் சொற்களில் மூன்றைச் சொல்கிறேன். மீனின் பல்லில் நூல் அறுபடாமல் இருக்க அதன் முனையில் கட்டும் உலோகத் துண்டை ‘முன்கம்பி’ எனலாம். சுண்டிரைக்கு அது விறைப்பான ஒற்றைக் கம்பியாக இருப்பது நல்லது, இல்லையேல் நூல் தொய்யும்போது மடங்கி முன்முள்ளில் சிக்கிக்கொள்ளும். மூன்று கொக்கிகள் கொண்ட முள் ‘முக்கவர் முள்’. படகருகே கம்பின் நுனியை நீருக்குள் விட்டு, பின்தொடரும் மீனுக்காக எட்டு வடிவில் இரையைச் சுழற்றுவதற்கு, ஓட்டுநர் உரிமத் தேர்வு நமக்குத் தந்திருக்கும் ‘எட்டுப் போடுதல்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று பெயரெடுத்த மஸ்கி, படகு வரை பின்தொடர்ந்து வந்து அங்கேயே கவ்வுவதுண்டு. ஆகவே இச்சொல் பட்டியலில் இல்லாமல் இருக்கக் கூடாது.

மீனின் பெயரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டா என்பது என் உறுதியான கருத்து. மஸ்கிக்கு ‘நன்னீர்ச் சீலா’ என்று குழுமத்தில் வந்த பரிந்துரை உருவ ஒற்றுமையால் வந்தது. ஆனால் கடலில் வாழும் சீலாவுக்கும் இதற்கும் உறவில்லை. வட அமெரிக்கப் பழங்குடியினரான ஒஜிப்வே மக்கள் தம் மொழியில் இட்ட பெயரே மஸ்கெலஞ்ச் என்றும் மஸ்கி என்றும் வழங்குகிறது. அம்மக்களின் சொல்லை அப்படியே ஏற்பதுதான் முறை.

‘சறுக்கு’ என்பதற்குப் பதில் ‘வழுக்கு’ பொருந்துமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. பனியில் சறுக்குவது விரும்பிச் செய்வது, வழுக்குவது தவறி நிகழ்வது என்ற வேறுபாட்டை வைத்து முதலாவதைத் தேர்ந்தேன். கடலோரத்தில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.