காஸ்மோஸ் தொடரின் 13 பகுதிகளில் எந்த ஐந்தைத் தேர்ந்தெடுப்பது?

பார்வதிபுரம் வாசகன்:

நாகர்கோவிலில் எங்கள் தெருவில் சிறிய வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்தி வருகிறோம். ஏப்ரல், மே மாதச் சனிக்கிழமை மாலைகளில், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு, அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் 1980-இல் வழங்கிய ‘காஸ்மோஸ்’ என்ற அறிவியல் தொலைக்காட்சித் தொடரைத் திரையிட்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் விளக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். மொத்தம் 13 பகுதிகள்; ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடும். எங்களுக்குக் கிடைத்திருப்பதோ ஐந்து சனிக்கிழமைகள். ஆகவே பகுதிகளைத் தரவரிசைப்படுத்தி, எட்டைக் கைவிட வேண்டிய நிலையில் இருக்கிறேன்.

என் வரிசையில் முதலில் நிற்பது வானியலாளர் கெப்ளரைப் பற்றிய மூன்றாம் பகுதி. கோள்கள் வட்டத்தில்தான் சுற்ற வேண்டும் என்று பல ஆண்டுகள் நம்பிய ஒருவர், டைக்கோ பிராகே அளந்து வைத்த செவ்வாயின் இருப்பிடத்துக்கும் தம் கணக்குக்கும் இடையே எட்டுக் கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வித்தியாசம் வந்தது என்பதற்காக, அதாவது முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பிசகியது என்பதற்காக, வட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு நீள்வட்டத்துக்கு வந்து சேர்ந்த கதை அது. அதைவிட நல்ல அறிவியல் பாடத்தை நான் திரையில் பார்த்ததில்லை. அதற்கு அடுத்ததாக வாயேஜர் விண்கலத்தைப் பற்றிய ஆறாம் பகுதியையும், பின்னர் நட்சத்திரங்களின் பிறப்பு இறப்பைச் சொல்லும் ஒன்பதாம் பகுதியையும், செவ்வாயைப் பற்றிய ஐந்தாம் பகுதியையும், கடைசியாக முதல் பகுதியையும் வைத்திருக்கிறேன். முதல் பகுதி வெறும் முன்னுரைதான் என்பது என் எண்ணம்.

இதில் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இந்த வரிசை சரிதானா என்பது ஒன்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழைய தொடரில் காலாவதியாகிவிட்ட செய்திகள் இருப்பதால், அப்படிப்பட்ட பகுதிகளைக் கீழே தள்ளுவதா என்பது மற்றொன்று. என் அக்காள் மகன் 2014-இல் நீல் டிகிராஸ் டைசன் வழங்கிய புதிய தொடரையே போட்டுவிடுங்கள் என்கிறான்.

முட்டத்துக்காரன்:

அண்ணாச்சி, முதல் பகுதியை முன்னுரை என்று ஒதுக்கியது தவறு. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் முதலிடத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால், பார்த்த கையோடு மொட்டைமாடிக்குப் போய்ச் செய்து பார்க்கக்கூடிய விஷயம் அதில்தான் இருக்கிறது.

பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவை அளந்ததைச் சேகன் அந்தப் பகுதியில் காட்டுகிறார். எகிப்தின் தெற்கே சையீனில் நட்ட கழிக்கு நிழல் விழாத அதே நண்பகலில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே 7 பாகைக்குச் சற்று அதிகமான கோணம், அதாவது முழுவட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு; தூரம் சுமார் 800 கிலோமீட்டர். ஐம்பதால் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர். கன்னியாகுமரி 8 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் 10, 11 தேதிகளை ஒட்டியும் செப்டம்பர் மாதத் தொடக்கத்திலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நிழலில்லா நாளில் நாமே சையீனாகிவிடலாம். அலெக்சாந்திரியாவுக்கு எங்கே போவது என்றால், பெங்களூருக்குத்தான். குமரிமுனையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கக்கோட்டில், 77.6 பாகையை ஒட்டி, ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றொன்றாக இருக்கின்றன. அகலக்கோட்டு வித்தியாசம் 4.9 பாகை, நேர்த்தூரம் ஏறத்தாழ 540 கிலோமீட்டர். நமக்கு நிழல் மறையும் நேரத்தில் அங்கே ஒரு மீட்டர் கம்பியின் நிழல் எட்டரை சென்டிமீட்டரை ஒட்டி விழும். கணக்குப் போட்டால் சுற்றளவு நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாங்கள் முதல் முறை செய்தபோது, சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கம்பியைச் சுற்றிப் பிள்ளைகளை நிறுத்தினோம். நிழல் இருந்தது, அதுவும் ஒரு சாண் நீளத்தில் பாதிக்குக் குறையாமல், மேற்கே விழுந்து கிடந்தது. நாளைத் தப்பாகக் குறித்துவிட்டோம் என்று எண்ணி எல்லோரும் கீழே இறங்கிவிட்டோம். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது என்பதும், நம் ஊரில் உண்மையான உச்சிப்பொழுது 12 மணி 20 நிமிடத்தை ஒட்டித்தான் வரும் என்பதும் மாலையில்தான் எங்களுக்கு உறைத்தது. கம்பி செங்குத்தாக நிற்கிறதா என்பதைக் கண்ணளவில் பார்க்காமல் கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்துச் சரிபார்ப்பதும் நல்லது.

மற்றபடி, நட்சத்திரப் பயணத்தைப் பற்றிய எட்டாம் பகுதியையும் விட்டுவிட வேண்டாம். இத்தாலியில் ஸ்கூட்டரில் ஒளியின் வேகத்தை நெருங்கிச் சென்று திரும்பும் பையனுக்குத் தம்பி கிழவனாகக் காத்திருக்கும் காட்சி எந்த வயதினருக்கும் புரியும். சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் கூட்டமான ஆல்பா சென்டாரி நம்மிடமிருந்து நான்கு ஒளியாண்டுகளுக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. சேகன் பேராசிரியராக இருந்த அமெரிக்காவின் இத்தாக்கா நகரிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. முட்டம் பாறைமேல் உட்கார்ந்தால், மே மாத இரவில் பத்து, பதினொரு மணிக்குத் தெற்கே கடலுக்கு மேல் அது பளிச்சென்று நிற்கும்.

தக்கலை பழையவர்:

மூன்றாம் பகுதியை முதலில் வைத்த கேள்வியாளரின் பக்கம் நிற்கிறேன். ஆனால் அவர் சொன்ன காரணத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்தப் பகுதியின் தொடக்கத்தில், ஒரே ராசிக்கு ஒரே நாளில் இரண்டு பத்திரிகைகள் இரண்டு விதமாகப் பலன் சொல்வதைச் சேகன் படித்துக் காட்டுவார். நம் வீடுகளில் அதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. 2023-இல் சனி கும்ப ராசிக்கு ஜனவரியிலேயே பெயர்ந்துவிட்டது என்று திருக்கணிதப் பஞ்சாங்கமும், டிசம்பரில்தான் பெயர்கிறது என்று வாக்கியப் பஞ்சாங்கமும் சொல்லின. கோள் எங்கே இருக்கிறது என்பதைத் தொலைநோக்கி வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். கணக்குப் பொருந்தாவிட்டால் கணக்கைத்தான் மாற்ற வேண்டும் என்பதே கெப்ளரின் எட்டுக் கலை. பிள்ளைகள் இதை வீட்டில் போய்ச் சொன்னால் சிறு சச்சரவு வரக்கூடும். வரட்டும்.

ஆறாம் பகுதியில் மட்டும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வாயேஜரின் பயணத்தையும் பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) கப்பல் பயணங்களையும் இணைத்து, வானியலாளர் ஹைகன்ஸ் வாழ்ந்த அந்த நாட்டின் துணிச்சலையும் சிந்தனைச் சுதந்திரத்தையும் சேகன் மிக அழகாகப் புகழ்கிறார். அந்தக் கப்பல்களின் வழிவந்தவை 1741-இல் குளச்சலுக்கு எதற்காக வந்தன என்பதையும், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட ஒல்லாந்துப் படைத்தலைவர் டிலனாய் பின்னர் திருவிதாங்கூருக்கே தளபதியாகி உதயகிரிக் கோட்டையில் அடங்கியிருப்பதையும் அறிந்த நமக்கு, அந்தப் புகழ்ச்சி ஒரு பக்கத்துக் கதையாகவே படுகிறது. திரையிடும்போது ஐந்து நிமிடம் நிறுத்தி இதைச் சொல்லிவிட்டால், பகுதியின் மதிப்பு குறையாது, கூடவே செய்யும்.

காலாவதி பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பகுதி ஒளிபரப்பானபோது வாயேஜர் 1 வியாழனைக் கடந்திருந்தது. சனிக் கோளை இன்னும் நெருங்கவில்லை. அதனால் வியாழனின் ‘ஐயோ’ (Io) என்ற துணைக்கோளின் எரிமலைகள் அதில் உண்டு, சனியின் துணைக்கோளான டைட்டனைப் பற்றிய பேச்சு மட்டும் ஊகமாக நிற்கிறது. 2005 ஜனவரியில் அதே ஹைகன்ஸின் பெயரைத் தாங்கிய கலம் டைட்டனில் இறங்கிவிட்டது. ஊகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த நிமிடமே அங்கே எடுக்கப்பட்ட படத்தைக் காட்டுங்கள். பழையதாகிப் போனதே இங்கே பலமாகிறது.

பதின்மூன்றாம் பகுதியைத் தயங்காமல் விட்டுவிடலாம். அணு ஆயுதப் போரைப் பற்றிய எச்சரிக்கை இன்றும் செல்லும். ஆனால் அலெக்சாந்திரியாவின் கணித அறிஞர் ஹைபேஷியாவின் கொலையையும் அலெக்சாந்திரியா நூலகத்தின் அழிவையும் ஒரே மூச்சில் சொல்வது வரலாற்று ஆய்வாளர்கள் ஏற்காத இணைப்பு.

தோவாளை மாணவி:

இயற்பியல் முதுகலை படிக்கிறேன். பத்தாம் பகுதியைப் பற்றி ஒருவரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. தொடரிலேயே தமிழ்நாட்டுக்கு வரும் பகுதி அதுதான். பொங்கல் கொண்டாட்டமும் நடராசர் செப்புத் திருமேனியும் அதில் வருகின்றன. பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 864 கோடி ஆண்டுகள் என்ற புராணக் கணக்கை, இன்றைய அண்டவியலின் கால அளவுகளோடு ஒப்பிடத்தக்கது என்று சேகன் சொல்வதைக் கேட்டுவிட்டு, நம்மவர்கள் பலர் ‘அன்றே சொன்னோம்’ என்று பெருமைப்படுவதுண்டு. அண்டம் விரிந்துகொண்டே போகுமா, மீண்டும் சுருங்கித் திரும்ப வெடிக்குமா என்ற கேள்வியைத்தான் அவர் அங்கே எழுப்புகிறார். 1998-இல் தொலைதூர மீயொளிர் விண்மீன்களை (சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்கள்) ஆராய்ந்தவர்கள், அண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று கண்டார்கள். 2011-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. விரிவு வேகமெடுக்கும் என்பதை அவர் முன்வைத்த இரண்டு பதில்களும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே உண்மைகளின்படி மிகவும் பழையதாகிப்போன பகுதி இது. ஆனாலும் நான் இதற்கு நான்காம் இடம் தருவேன். நம் ஊர்ப் பெருமையின் நடுவே இந்தத் திருத்தத்தைச் சொன்னால்தான் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

எண்களில் சிறு திருத்தங்கள் தேவைப்படும். அண்டத்தின் வயதை 1,500 கோடி ஆண்டுகளாகக் கொண்டு, அதன் முழு வரலாற்றையும் ஓராண்டுக்குள் சுருக்கி அவர் வரைந்த நாள்காட்டியை, இன்றைய 1,380 கோடிக்கு மாற்றினால் ஒரு மாதம் 115 கோடி ஆண்டுகளாகும். கரும்பலகையில் பிள்ளைகளே போடட்டும்.

2014 தொடரை முழுவதும் தவிர்க்கவும் வேண்டாம். அதன் ஏழாம் பகுதி, பூமியின் வயதை ஈயத்தின் ஐசோடோப்புகளைக் கொண்டு அளந்த கிளேர் பேட்டர்சன், அந்த அளவீட்டைக் கெடுத்துக்கொண்டிருந்த ஈயம் பெட்ரோலிலிருந்து வருகிறது என்று கண்டு, அந்தத் தொழிலையே எதிர்த்து நின்றதைச் சொல்கிறது. செவ்வாய்ப் பகுதியை எடுத்துவிட்டு இதைப் போடலாம். செவ்வாயின் மேல் ஊர்திகள் ஓடும் காட்சிகளைப் பிள்ளைகள் எப்படியும் கைப்பேசியில் பார்த்துவிடுகிறார்கள்.

பார்வதிபுரம் வாசகன்:

மூவருக்கும் நன்றி. ஒன்று, மூன்று, ஆறு, பத்து, புதிய தொடரின் ஏழு என்று வரிசையை மாற்றிக்கொண்டேன். ஒன்பதாம் பகுதி போனதில் வருத்தம்தான். செவ்வாய் போனதில் அவ்வளவாக இல்லை. எட்டாம் பகுதியை மே மாதத்தில் ஆறாவது சனிக்கிழமையாக ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு, முட்டத்திலேயே இரவில் திரையிட முடியுமா என்று பார்க்கிறேன். மின் இணைப்புக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்பதை முட்டத்து நண்பர் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பகுதியை ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கு மாற்றியிருக்கிறேன். ஆண்டுத் தேர்வுக் காலம் என்று பெற்றோர் முணுமுணுக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் தங்கையிடம் ஒரு மீட்டர் கம்பியை வாங்கி வைக்கச் சொல்லிவிட்டேன். தூக்குக்குண்டு எங்கே கிடைக்கும் என்று அவள் கேட்கிறாள். ஒரு நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்று பதில் எழுதியிருக்கிறேன்.