ஐ5 12400-க்கு எந்த மதர்போர்டு: ஹெச்610, பி660, இசட்690?

செக்காலை_தம்பி:
வணக்கம். தேவகோட்டையில் மாமாவின் ஸ்டுடியோவுக்கு ஒரு கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்து கொடுக்கப் போகிறேன். கல்யாண ஆல்பம் டிசைன்தான் முக்கிய வேலை, கூடவே வீடியோ எடிட்டிங். சிங்கப்பூரில் இருந்து வந்த அண்ணன் இன்டெல் ஐ5 12400 பிராசஸர் கொண்டுவந்தார், எஃப் இல்லாதது (உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற வகை). பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு கையில் இருக்கிறது. காரைக்குடியில் ஒரு கடையில் ஹெச்610 போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் இசட்690 போட்டால்தான் ஸ்பீடு என்கிறார்கள், தெரிந்தவர் ஒருவர் பி450 போர்டு மலிவாகத் தருகிறேன் என்கிறார். தை பிறந்தால் முகூர்த்தம் வரிசையாக வரும், அதற்குள் முடிக்க வேண்டும். எதை வாங்கலாம்?

புதுவயல்_சர்வீஸ்:
தம்பி, பி450-ஐ முதலில் விடுங்கள். அது ஏஎம்டி ரைசனுக்கான ஏஎம்4 சாக்கெட், உங்களுடையது எல்ஜிஏ 1700, பிராசஸர் அதில் உட்காரவே உட்காராது. இசட்690-ம் வேண்டாம். இசட் வரிசைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் ஓவர்கிளாக் செய்வதற்குத்தான், அதாவது பிராசஸரை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கு. அதற்கு கே என்று முடிகிற பிராசஸர் வேண்டும், 12400 அந்த வகை இல்லை. ஹெச்610 தாராளமாக ஓடும். 12400 வேகம் எந்த போர்டில் போட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான், சிப்செட் (ஹெச்610, பி660 என்று போர்டுக்குப் பெயர் தருகிற சிப்) மாறியதால் போட்டோஷாப் வேகமாகிவிடாது.

கானாடுகாத்தான்_ஆர்:
அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் ஸ்டுடியோ வேலைக்கு நான் ஹெச்610 சொல்லமாட்டேன். அந்த சிப்செட்டில் ராம் ஸ்லாட் இரண்டுதான். இருக்கிற இரண்டு 8 ஜிபியும் அதை நிரப்பிவிடும், நாளைக்கு 32 ஜிபி வேண்டும் என்றால் இரண்டையும் கழற்றி ஓரம் வைத்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். நாலு ஸ்லாட் உள்ள பி660-ல் அதே அளவில் இன்னொரு ஜோடியைச் சேர்த்தால் போதும். பெரிய ஆல்பம் ஃபைல் நாலைந்தைச் சேர்த்துத் திறக்கிற ஆளுக்கு 16 ஜிபி சீக்கிரம் பற்றாமல் போகும். அப்புறம் டிஸ்க். ஹெச்610 சிப்செட்டில் ஜென்4 லேன் (வேகமான டேட்டா பாதை) கிடையாது, என்விஎம்இ எஸ்எஸ்டி ஜென்3 வேகத்தில்தான் ஓடும். அது எடிட்டிங்கைப் பெரிதாகத் தடுக்காது, எனக்கு உறுத்துவது பல ஹெச்610 போர்டுகளில் ஒரே ஒரு எம்.2 ஸ்லாட் (அந்த எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) மட்டும் இருப்பதுதான். விண்டோஸ் ஒன்றில், கல்யாண ஃபைல்கள் இன்னொன்றில் என்று பிரித்து வைக்க முடியாது. இதெல்லாம் பின்னால் சேர்க்கிற விஷயம் இல்லை, போர்டு வாங்கும் அன்றே முடிவாகிவிடுகிறது.

இன்னொன்று, நம் ஊர் சித்திரை வெயில். விலை குறைந்த போர்டுகளில் விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க்கே இருக்காது. 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும், வீடியோ ரெண்டர் மணிக்கணக்கில் ஓடும்போது சூடு அங்கேதான் ஏறும். பி660-லும் ஹீட்சிங்க் இல்லாதவை உண்டு, படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

செக்காலை_தம்பி:
ரொம்ப நன்றிண்ணே. பி660-ஐ விட பி760 புதிது என்கிறார்களே, அதற்கே போய்விடலாமா? ராம் செட் ஆகுமா?

கானாடுகாத்தான்_ஆர்:
விலை ஒன்றாக இருந்தால் பி760, இல்லையென்றால் பி660. இரண்டும் எல்ஜிஏ 1700தான், 12, 13, 14 மூன்று தலைமுறையும் ஓடும். பி660-ல் பிற்காலத்தில் 13 அல்லது 14ஆம் தலைமுறை போட்டால் முதலில் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்ய வேண்டியிருக்கலாம். ராம் விஷயத்தில் கவனம். இந்த சிப்செட்டுகளில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. மாடல் பெயரில் டி4 அல்லது டிடிஆர்4 என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம். எஃப் இல்லாத பிராசஸர் என்பதால் அதிலுள்ள யுஹெச்டி 730 கிராபிக்ஸிலேயே மானிட்டர் ஓடும், வீடியோ டீகோடுக்கும் அது உதவும்.

புதுவயல்_சர்வீஸ்:
ராம் ஸ்லாட் கணக்கை ஒத்துக்கொள்கிறேன், ஸ்டுடியோவுக்கு பி660-ஏ போடுங்கள். வாங்கும்போது கடையிலேயே சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். இந்த வகையில் பின்கள் போர்டில்தான் இருக்கும், வளைந்திருந்தால் பிறகு வாரண்டி கேட்டு வாங்குவது கஷ்டம். சாக்கெட் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போடாமல் பெட்டியிலேயே வையுங்கள். பழைய வளவு வீட்டில் ஸ்டுடியோ என்றால் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டைத் தொடும்போது சுள்ளென்று இழுக்கும்.