ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் பிராசசர் 100 டிகிரி: கூலரா, பேஸ்ட்டா, பயாஸா?

தென்றல்360:
வணக்கம் நண்பர்களே. பிராசசர் கோர் ஐ7 13700கே. 360 மி.மீ. ரேடியேட்டர் உள்ள லிக்விட் கூலர், கேஸின் மேற்பக்கம் மாட்டியிருக்கிறது. முன்னால் மூன்று ஃபேன் காற்றை உள்ளே இழுக்கின்றன, பின்னால் ஒன்று வெளியே தள்ளுகிறது. ஓவர்கிளாக் இல்லை. பயாஸில் (போர்டின் அமைப்பு மெனு) மெமரிக்கு எக்ஸ்எம்பி (வேகமான மெமரி அமைப்பு) மட்டும் ஆன் செய்திருக்கிறேன்.

பிரைம்95 என்ற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் மென்பொருளில் மிகவும் சூடாக்கும் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை தொடங்கிய இரண்டு வினாடிக்குள் 90-ஐத் தாண்டுகிறது. மூன்று நான்கு நிமிடத்தில் 100. அதற்குப் பிறகு பி-கோர்கள் (வேகமான பெரிய கோர்கள்) 5.3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.9-க்கு இறங்குகின்றன, சென்சார்களைப் படிக்கும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருள் தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகத்தைக் குறைப்பது) நடப்பதாகக் காட்டுகிறது. பேக்கேஜ் பவர் (முழுச் சில்லும் இழுக்கும் மின்சக்தி) ஆரம்பத்தில் 300 வாட்டுக்கு மேல், பிறகு 280 வாக்கில் நிற்கிறது. சினிபெஞ்ச் ஆர்23 வேகச் சோதனை பத்து நிமிடம் ஓடினால் 94–96. கேமில் 60–65. அறை வெப்பம் 28.

சில்லுக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் பேஸ்ட்டை மாற்ற வேண்டுமா? கூலர் போதவில்லையா? இப்படி ஓடினால் சில்லு கெட்டுப்போகுமா?

வாட்கணக்கு:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இந்தச் சில்லின் வெப்ப எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் தானே வேகத்தையும் வோல்டேஜையும் குறைத்துக்கொள்ளும். ஒரு டெஸ்ட்டில் தொட்டுவிட்டதால் கெட்டுப்போகாது. ஆனால் உங்கள் பதிவில் கவலைப்பட வேண்டிய எண் 100 இல்லை, 300 வாட். 13700கே-வுக்கு இன்டெல் வைத்திருக்கும் டர்போ பவர் உச்சம் 253 வாட். அதற்கு மேல் போகிறதென்றால் போர்டு எல்லையைத் திறந்துவிட்டிருக்கிறது. பயாஸில் லாங் டியூரேஷன், ஷார்ட் டியூரேஷன் பவர் லிமிட் இரண்டையும் பாருங்கள். 4096 என்று இருந்தால் எல்லையே இல்லை என்று பொருள். நீங்கள் ஓவர்கிளாக் செய்யாவிட்டாலும் பல போர்டுகள் இதைச் செய்கின்றன. எக்ஸ்எம்பி போடும்போது "மல்ட்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்" போன்ற ஒன்றைச் சேர்த்து ஆன் செய்யவா என்று கேட்கும் போர்டுகளும் உண்டு.

கூலரைக் கழற்றுவதற்கு முன் ஒரு கணக்கு போடுங்கள். இரண்டு பவர் லிமிட்டையும் 125 வாட் ஆக்கி, ஃபேன், பம்ப் இரண்டையும் முழு வேகத்தில் வைத்து, அதே ஸ்மால் எஃப்எஃப்டியை 20 நிமிடம் ஓட விடுங்கள். பிறகு 200 வாட்டில் அதே மாதிரி. ஒவ்வொன்றிலும் பேக்கேஜ் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து வாட்டால் வகுங்கள். இந்தச் சில்லில் ஒழுங்காக உட்கார்ந்த 360 கூலருக்கு வாட்டுக்கு 0.25 டிகிரிக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதாவது 125 வாட்டில் 60 வாக்கில் நிற்கும். 75-ஐத் தாண்டினால் பேஸ்ட், அழுத்தம், பம்ப் இவற்றில் ஒன்றில் கோளாறு.

20 நிமிடம் சொன்னதற்குக் காரணம் தண்ணீர். முதல் இரண்டு வினாடியில் வரும் தாவல் சில்லுக்கும் கோல்ட் பிளேட்டுக்கும் (கூலரின் அடித்தகடு) நடுவில் உள்ள தடை. பேஸ்ட்டும் அழுத்தமும் அங்கேதான் தெரியும். அதற்குப் பிறகு நிமிடக் கணக்கில் மெல்ல ஏறுவது தண்ணீர் சூடாவது, அது ரேடியேட்டர், ஃபேன், கேஸ் காற்றோட்டம் சார்ந்தது. 300 வாட் போனால் நல்ல கூலரிலும் முதல் தாவல் 90 வரை வரும், அதை மட்டும் வைத்து பேஸ்ட்டைக் குறை சொல்ல முடியாது.

திருகாணி:
மேலே சொன்ன சோதனை ஓடும்போதே ஒவ்வொரு பி-கோரின் வெப்பத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். கோர்களுக்குள் 5–8 டிகிரி வித்தியாசம் இயல்பு. 15-ஐ எட்டினால் கூலர் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது அல்லது சாக்கெட் பூட்டு பிராசசரின் மூடியை வளைத்திருக்கிறது. உங்கள் பிராசசரின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் பூட்டு நடுப்பகுதியை மட்டும் அழுத்துவதால் நீளமான அந்த மூடி லேசாகக் குழிவது தெரிந்த விஷயம். பூட்டுக்குப் பதிலாக கான்டாக்ட் ஃபிரேம் என்ற சட்டத்தைப் போட்டால் சில டிகிரி குறையும். ஆனால் அதன் திருகுகளை அதிகம் இறுக்கினால் ஒரு மெமரி சேனல் காணாமல் போகும், சில சமயம் கணினியே தொடங்காது. எதிரெதிர் மூலையாக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, தடை தெரிந்ததும் நிறுத்துங்கள்.

பம்ப் போர்டின் எந்த ஹெடரில் (இணைப்பு முனை) செருகியிருக்கிறது என்றும் பாருங்கள். சாதாரண ஃபேன் ஹெடரில் இருந்தால் வெப்பத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் ஃபேன் கர்வ் பம்பையும் மெதுவாக்கிவிடும்.

கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் லோடு கொடுத்து, அணைத்து, பேஸ்ட் இளகியிருக்கும்போதே கூலரை லேசாகத் திருகி எடுங்கள். பழைய பேஸ்ட்டில் பதிந்த தடத்தைத் துடைக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெலிதாகவும் இருந்தால் மூடி குழிந்திருக்கிறது என்று அந்தத் தடமே சொல்லிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நீள மூடி என்பதால் நடுவில் ஒரு பொட்டு போதாது, மூலைக்கு மூலை எக்ஸ் வடிவில் மெல்லிய கோடு போடுங்கள். கோல்ட் பிளேட்டின் பிளாஸ்டிக் ஃபிலிமை உரித்தாயிற்றா என்பதையும் பாருங்கள்.

தென்றல்360:
இரண்டு லிமிட்டும் 4096-தான் இருந்தது. 125 வாட்டில் 60, 200 வாட்டில் 80. கணக்கு 0.256, 0.26 வருகிறது. கோர் வித்தியாசம் 7. பம்ப் அதற்கான ஹெடரில்தான் இருக்கிறது. அப்படியானால் கூலரைத் தொட வேண்டாம் அல்லவா? இனி அண்டர்வோல்ட் செய்தால் (வோல்டேஜைக் குறைத்தால்) இன்னும் குறையுமா?

வாட்கணக்கு:
தொட வேண்டாம், தொடர்பு நன்றாக இருக்கிறது. லிமிட்டை 253-இல் வைத்தால் ஸ்மால் எஃப்எஃப்டி 94 வாக்கில் நிற்கும். சத்தம் குறைய வேண்டுமென்றால் 200 வையுங்கள். எல்லாக் கோரும் வேலை செய்யும்போது இழப்பு பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள்தான், கேமில் தெரியவே தெரியாது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு வோல்டேஜ் செங்குத்தாக ஏறுகிறது, பவர் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அந்த நுனியை வெட்டினால் வெப்பம் நிறையக் குறையும், வேகம் கொஞ்சம்தான் குறையும்.

அண்டர்வோல்ட் பற்றி ஒன்று: பவர் லிமிட் இடிக்கும் டெஸ்ட்டில் அது வெப்பத்தைக் குறைக்காது. அதே 200 வாட்டுக்குள் கிளாக் ஏறும், அவ்வளவுதான். லிமிட்டைத் தொடாத வேலைகளில்தான் வெப்பம் குறைவது தெரியும்.

மில்லிவோல்ட்:
அதோடு, வோல்டேஜ் ஆஃப்செட்டை மைனஸ் 0.05 வோல்ட்டில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் 0.01 வோல்ட் வீதம் மேலும் இறக்குங்கள். ஏசி லோட்லைனை (லோடுக்கு ஏற்ப வோல்டேஜைக் கூட்டும் பயாஸ் அமைப்பு) குறைத்தும் செய்யலாம், ஆனால் அதிகம் குறைத்தால் சிஇபி என்ற பாதுகாப்பு குறுக்கிடும். திரையில் 5.3 என்றே காட்டும், உள்ளே வேலை மட்டும் குறையும். எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் சினிபெஞ்ச் ஸ்கோரைக் குறித்துவையுங்கள். வெப்பமும் ஸ்கோரும் சேர்ந்து விழுந்தால் பின்வாங்குங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் பயாஸைப் புதுப்பியுங்கள். 13, 14-ஆம் தலைமுறையில் அளவுக்கு மீறிய வோல்டேஜ் சில்லைச் சீரழிக்கும் பிரச்சினைக்கு இன்டெல் 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி மைக்ரோகோட் (பயாஸோடு வரும், சில்லின் உள் கட்டளைத் தொகுப்பு) வெளியிட்டது. கெட்டதை அது மீட்காது, கெடாமல் காக்கும். உங்கள் பிராசசர் அந்தப் பட்டியலில் வருகிறது. வெப்பத்தை விட இது அவசரம்.

செவ்வானம்:
இடையில் ஒரு சந்தேகம். என் ஏஎம்டி ரைசன் 7 7700எக்ஸ் எந்தக் கூலர் போட்டாலும் 95-க்குப் போகிறது. இதே காரணமா?

வாட்கணக்கு:
இல்லை. ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் சில்லுகள் முழு லோடில் 95 வரை போய் அங்கே நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. பயாஸில் பவரைக் குறைக்கும் எக்கோ மோடில் 65 வாட் தேர்ந்தெடுத்தால் சாக்கெட் பவர் 142 வாட்டிலிருந்து 88-க்கு வரும், வெப்பம் நன்றாக இறங்கும்.

திருகாணி:
தென்றல், பிரைம்95-இல் ஏவிஎக்ஸ்2-ஐ (கனமான கணக்குகளுக்கான பிராசசர் கட்டளைகள்) அணைக்கும் பெட்டி டார்ச்சர் டெஸ்ட் ஜன்னலிலேயே இருக்கிறது. அதை டிக் செய்து ஓட்டினால் நிஜ வேலைக்கு நெருக்கமான வெப்பம் கிடைக்கும்.

மில்லிவோல்ட்:
வெப்பம் பார்க்க அது சரி. நிலைத்தன்மைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். வீடியோ என்கோடிங்கும் சில கேம்களும் ஏவிஎக்ஸ்2 பயன்படுத்துகின்றன, அதை அணைத்துத் தேறிய அண்டர்வோல்ட் அங்கே கவிழும். வெப்பத்துக்கு ஸ்மால் எஃப்எஃப்டி அரை மணி நேரம், அதற்கு மேல் தண்ணீர் சூடேறாது. பிழைக்கு லார்ஜ் எஃப்எஃப்டி சில மணி நேரம், ஏவிஎக்ஸ்2 ஆனில். "ரவுண்டிங்" பிழையோடு பிரைம்95-இன் ஒரு வொர்க்கர் (சோதனை இழை) நின்றாலோ, எச்டபிள்யூ இன்ஃபோவில் டபிள்யூஹெச்இஏ (வன்பொருள் பிழை) எண்ணிக்கை ஒன்று கூடினாலோ 0.01 வோல்ட் திருப்பிக் கொடுத்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள்.